திரிகளை அகற்றியவர்கள்

1944 செப்டம்பரில், நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தின் வடமுனையைப் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் மூன்று நாளுக்கு மேல் விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே உயிரிழந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜான் கிரேபர்ன். கராச்சியை ஒட்டிய மனோராத் தீவில் பிறந்தவர். மறைவுக்குப் பின் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. அந்த விருதுக்கான அறிக்கையில் ஒரு கட்டம் வருகிறது. ஜெர்மானியர்கள் பாலத்தின் அடியில் வெடிமருந்து வைத்துவிடுகிறார்கள். தோளில் காயத்தோடு இருந்த கிரேபர்ன் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு போய் அவர்களைக் கொஞ்ச நேரத்துக்கு விரட்டிவைக்கிறார். திரிகள் அகற்றப்படுவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

திரிகள் அகற்றப்பட்டன, சரி. யார் அகற்றினார்கள்? அறிக்கையில் அது இல்லை. கிரேபர்னின் துணிச்சலைக் குறைக்க இதை நான் கேட்கவில்லை. அவர் செய்தது அந்த விருதுக்கு முற்றிலும் தகும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில், துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வெடிமருந்துக்குள் விட்டிருந்த சிலர் அங்கே இருந்தார்கள். அவர்கள் 1ஆவது பாராசூட் ஸ்குவாட்ரன், ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவைச் சேர்ந்த சாப்பர்கள், அதாவது பொறியாளர் படை வீரர்கள். அவர்களை வழிநடத்தியவர் லெப்டினன்ட் ஹிண்ட்லி. இதைத் தெரிந்துகொள்ள விருது அறிக்கையை விட்டு வெளியே வந்து, பொறியாளர்கள் விட்டுச்சென்ற நினைவுகளையும் ஆர்ன்ஹெம் பற்றிய பிற்கால நூல்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான்வழிப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் என்று தேடுகிறவர் முதலில் மோதிக்கொள்வது இந்தச் சுவரில்தான். அவர்கள் செய்த வேலை நடந்திருக்கிறது, வேலையின் விளைவு தெரிகிறது, செய்தவர் வாக்கியத்தில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பந்தல் போட்டவரைத் தேடுவது போலத்தான் இது.

காரணம் படையின் அமைப்பிலேயே இருக்கிறது. 1ஆவது வான்வழிப் படைப்பிரிவில் இரண்டு பாராசூட் ஸ்குவாட்ரன்கள் (1ஆவதும் 4ஆவதும்), கிளைடரில் செல்லும் 9ஆவது ஃபீல்டு கம்பெனி, பொருள்களையும் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் 261ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. 6ஆவது வான்வழிப் படைப்பிரிவில் 3ஆவது, 591ஆவது பாராசூட் ஸ்குவாட்ரன்கள், 249ஆவது ஃபீல்டு கம்பெனி, 286ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. காகிதத்தில் இவை முழுசான அமைப்புகள். களத்தில் இவை ஒன்றாக நின்று போரிட்டது அபூர்வம். ஒரு பிரிகேடுக்கு ஒரு ஸ்குவாட்ரன், ஒரு பட்டாலியனுக்கு ஒரு ட்ரூப், ஒரு கம்பெனிக்குக் கையளவு ஆட்கள் என்று உடைத்துப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பிரிந்துபோன அந்தக் கையளவு ஆட்களின் நாள், அவர்கள் ஒட்டிக்கொண்ட காலாட்படையின் நாளாகிவிடும்.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. வடமேற்கு ஐரோப்பாவில் 1944இல் நடந்தவை பெரும்பாலும் டபிள்யூ ஓ 171 என்ற வரிசையில் வரும். இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டம் போட்ட படிவம். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அதிகாரி அதை நிரப்பியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் அது ஒழுங்காக நிரம்புகிறது. சண்டை தொடங்கியதும் சுருங்கிவிடுகிறது. நமக்கு எந்த நாள் வேண்டுமோ அந்த நாளில்தான் எழுதுகிறவருக்கு நேரம் இருந்திருக்காது, சில சமயம் எழுதுகிறவரே இருந்திருக்கமாட்டார். ஆகவே ஒரு ஸ்குவாட்ரனைத் தேடுகிறவர் அதன் நாட்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. பக்கத்தில் நின்ற பட்டாலியன், பிரிகேடு தலைமையகம், மருத்துவப் பிரிவு, விருதுப் பரிந்துரைகள் உள்ள டபிள்யூ ஓ 373 வரிசை எல்லாவற்றையும் பக்கவாட்டில் வாசிக்க வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் இந்த வேலையின் ருசியும் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

நார்மண்டியை எடுத்துக்கொள்வோம். 1944 ஜூன் 6ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் பெனூவில் கிராமத்தின் கால்வாய்ப் பாலத்தருகே கிளைடர்கள் இறங்கின. மேஜர் ஜான் ஹோவர்டும் அவருடைய காலாட்படை வீரர்களும் அந்தப் பாலத்தைக் கைப்பற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெகாசஸ் பாலம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. கால்வாய்க்கும் பக்கத்து ஓர்ன் ஆற்றுக்குமாக அனுப்பப்பட்ட ஆறு கிளைடர்களில் 249ஆவது ஃபீல்டு கம்பெனியின் 30 சாப்பர்கள் கேப்டன் நீல்சனின் கீழ் இருந்தார்கள். தலைக்கு மேல் சண்டை நடந்துகொண்டிருக்க, அவர்கள் பாலத்தின் அடிச்சட்டங்களில் தொற்றிக்கொண்டு இருட்டில் வெடிமருந்தைத் தேடினார்கள், கண்ட கம்பிகளை வெட்டினார்கள். வெடிமருந்து வைப்பதற்கான இடங்கள் தயாராக இருந்தன, வெடிமருந்து இல்லை. அது பக்கத்தில் ஒரு குடிசையில் கிடந்தது பிறகு தெரிந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதிசெய்வதற்காக ஒருவர் தண்ணீருக்கு மேல் தொங்கியதை எந்த விருதுக் குழுவும் எடைபோடுவது கடினம். ஆனால் அந்த உறுதி கிடைக்காமல் ஒரு டாங்கியையோ ஒரு பட்டாலியனையோ அந்தப் பாலத்தில் யாரும் ஏற்றியிருக்கமாட்டார்கள்.

அதே இரவில் 591ஆவது ஸ்குவாட்ரன் ரான்வில் அருகே வயல்களில் நின்றது. கிளைடர்கள் இறங்காதபடி ஜெர்மானியர்கள் அங்கே கனத்த கம்பங்களை நட்டிருந்தார்கள். 6ஆவது வான்வழிப் படைப்பிரிவின் தளபதி கேலும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் பின்னிரவில் கிளைடர்களில் வந்து சேர வேண்டும். அதற்குள் கம்பங்களைப் பிடுங்கி, குழிகளைத் தூர்த்து, ஓடுபாதை போல் சமப்படுத்த வேண்டும். 13ஆவது பாராசூட் பட்டாலியன் வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளைடர்கள் வந்தன. உலக வரலாற்றின் மிகப் பெரிய கடல்வழிப் படையெடுப்பு நாளில் இவர்கள் குழி மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது மிக உயர்ந்த வேலையாகத் தோன்றுகிறது.

ஆனால் அன்றைக்குப் பொறியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதன்மையான பணி உடைப்பது. கிழக்கே டீவ் ஆறு. அதையும் அதன் கிளைகளையும் கடக்கும் ஐந்து பாலங்கள்: ட்ரோவார்ன், பியூரில் இரண்டு, ரோபெயோம், வாராவில். அவற்றைத் தகர்த்துவிட்டால் கிழக்கிலிருந்து ஜெர்மன் டாங்கிகள் கடற்கரைக்கு வருவது தாமதப்படும். 3ஆவது பாராசூட் ஸ்குவாட்ரனின் தலைவர் மேஜர் டிம் ரோஸ்வேர் தம் ஆட்களோடு தவறான இடத்தில் இறங்கினார். ஆட்கள் சிதறிப்போயிருந்தார்கள், வண்டிகள் இல்லை. கிடைத்தது ஒரு மருத்துவப் பிரிவின் ஜீப்பும் அதன் டிரெய்லரும். மருந்துப் பொருள்களை இறக்கிவிட்டு வெடிமருந்தை ஏற்றினார்கள். ரோஸ்வேர், இன்னோர் அதிகாரி, ஏழு பேர். அந்தப் பாரத்தோடு ட்ரோவார்ன் ஊருக்குள் புகுவதற்கு முன்பே, இருட்டில் முள்கம்பித் தடுப்பு ஒன்றில் ஜீப் சிக்கிக்கொண்டது. கம்பிவெட்டியை எடுத்து ஒவ்வொரு இழையாக வெட்டி வண்டியை விடுவித்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் வாசலுக்கு வாசல் துப்பாக்கிச் சூடு. ஊரின் மறுமுனையில் ஆற்றை நோக்கிச் சாலை சரிந்து இறங்குகிறது. பாரம் தாங்காமல் ஜீப் வேகமெடுத்தது, டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடியது, பின்னால் ப்ரென் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர் தூக்கியெறியப்பட்டார். அவர் கைதியானார். மற்றவர்கள் பாலத்தை அடைந்தபோது அங்கே காவல் இல்லை. சில நிமிடங்களில் வெடிமருந்தை வைத்து நடுக்கண்ணைத் தகர்த்தார்கள். பிறகு ஜீப்பைக் கைவிட்டு, ஓடைகளையும் வெள்ளம் தேங்கிய வயல்களையும் கடந்து நடந்தே திரும்பினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் ஜீப் ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். சுவையான பகுதி அது. நான் கவனிக்க விரும்புவது அந்தக் கடைசிச் சில நிமிடங்களை. நெஞ்சு படபடக்க வந்து இறங்கியவர்கள், பாலத்தின் எந்த இடத்தில் எவ்வளவு வைத்தால் எந்தக் கண் விழும் என்ற கணக்கை அதற்குமுன் எத்தனையோ முறை இங்கிலாந்தில் செய்து பார்த்திருந்தபடியால்தான், கைகள் தாமாக இயங்கின. ராயல் இன்ஜினியர்ஸில் சேர்கிறவர் வீரர் மட்டும் அல்லர், ஏதோ ஒரு தொழில் தெரிந்தவர்: தச்சர், கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன். பாலம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது எப்படி விழும் என்றும் தெரியும்.

அவர்கள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதே இரவில் தாக்கப்பட்ட மெர்வில் ஜெர்மன் பீரங்கித் தளம் சாட்சி. லெப்டினன்ட் கர்னல் ஓட்வேயின் 9ஆவது பட்டாலியனில் ஏறக்குறைய 150 பேர்தான் ஒன்றுசேர்ந்தார்கள். பீரங்கிகளை முறையாக அழிக்க வேண்டிய பொறியாளர்களும் அவர்களுடைய வெடிமருந்தும் வந்து சேரவில்லை. 591ஆவது ஸ்குவாட்ரன் வீரர்களை ஏற்றி வந்த ஸ்டர்லிங் விமானம் ஒன்று அன்று அதிகாலை கிராங்க் என்னும் ஊரருகே வீழ்ந்து கிடந்தது. தளத்தைப் பிடித்த காலாட்படையினர் கையில் இருந்த கேமன் கைக்குண்டுகளைக் கொண்டு பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். அது முழுமையான அழிப்பாக அமையவில்லை. பின்னர் அந்தத் தளத்துக்கு ஜெர்மானியர்கள் திரும்பி வந்தார்கள்.

மெர்விலின் முள்வேலியைத் திறந்து வழிவிட்டது பெங்களூர் டார்பிடோ. நீளக் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று பூட்டி, வேலிக்கடியில் தள்ளி வெடிக்கவைப்பது. 1912இல் பெங்களூரில், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. தமிழர் பெருமளவில் பணிபுரிந்த, ‘தம்பி’ என்ற செல்லப்பெயரால் இன்றும் அழைக்கப்படுகிற படை அது. நார்மண்டியின் அந்த வேலிவரை அந்தக் குழாய் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று நினைத்துப் பார்க்கலாம்.

வான்வழிப் பொறியாளர்களின் முதல் பணி இன்னும் முந்தையது, மனத்தை உறுத்துவதும்கூட. 1941 பிப்ரவரி 10ஆம் தேதி இரவு மால்டாவிலிருந்து புறப்பட்ட விட்லி விமானங்கள், தெற்கு இத்தாலியின் டிராஜினோ ஓடையைக் கடக்கும் நீர்ப்பாலத்தருகே ‘எக்ஸ் ட்ரூப்’ வீரர்களை இறக்கின. பொறியாளர்களின் தலைவரான கேப்டன் டேலி பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் இறங்கிவிட்டார். பொறுப்பு கனடாவைச் சேர்ந்த லெப்டினன்ட் பேட்டர்சன் தலையில் விழுந்தது. தூண்கள் செங்கல் கட்டுமானம் என்று சொல்லியிருந்தார்கள். தட்டிப் பார்த்தால் கம்பி கட்டிய கான்கிரீட். வெடிமருந்திலும் ஒரு பகுதி வந்து சேரவில்லை. பேட்டர்சன் திட்டத்தைக் கலைத்து, இருந்ததில் பெரும்பகுதியை ஒரே தூணில் குவித்தார். நீர்ப்பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. எல்லோரும் பிடிபட்டார்கள். அவர்களோடு வந்த இத்தாலியரான ஃபொர்த்துனாத்தோ பிக்கி சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தாலியர்கள் நீர்ப்பாலத்தைச் சீக்கிரமே செப்பனிட்டுவிட்டார்கள்.

தோல்வி என்று சில நூல்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். அந்த நீர்ப்பாலம் பாரி, பிரிண்டிசி, டரன்டோ துறைமுகங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த புலியா நிலப்பகுதியின் லட்சக்கணக்கான குடிமக்களுக்கும் குடிநீர் கொண்டுபோனது. தண்ணீர் கொண்டுபோகிற ஒரு கட்டுமானத்தின் நுட்பம் தெரிந்த ஒருவர் அதைத் தகர்ப்பதற்காக அதே நுட்பத்தைப் பயன்படுத்துகிறார். வறண்ட நிலத்துக்குக் குழாய் வழியே வரும் தண்ணீரின் அருமை தெரிந்த நமக்கு இது சங்கடம் தரும், தர வேண்டும். ஆய்வு செய்கிறவர் வீரத்தைப் பதிவுசெய்வதோடு நின்றுவிடாமல், குழாயின் மறுமுனையில் இருந்தவர்களையும் எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லாப் பணியும் தகர்ப்பது அல்ல. 1942 பிப்ரவரி 27ஆம் தேதி இரவு பிரான்ஸின் புரூனவால் பாறைமுகட்டில் லெப்டினன்ட் வெர்னனும் அவருடைய சாப்பர்களும், ரேடார் பழுதுபார்ப்பவரான விமானப்படை சார்ஜண்ட் காக்ஸும் ஜெர்மானிய வூர்ட்ஸ்பர்க் ரேடார் கருவியைக் கழற்றி எடுத்தார்கள். வெர்னன் பளிச்சென்று ஒளிரும் விளக்கோடு படம் எடுக்க, அந்த வெளிச்சத்தைக் குறிவைத்துத் தோட்டாக்கள் வந்தன. கழற்ற வராததைக் கடப்பாரையால் நெம்பினார்கள். தள்ளுவண்டியில் ஏற்றிப் பாறைச் சரிவில் கடற்கரைக்கு இறக்கினார்கள். பாகங்களில் இருந்த வரிசை எண்களைக் கொண்டே அந்தக் கருவிகள் எவ்வளவு தயாராகின்றன என்று அறிவியலாளர் ஆர். வி. ஜோன்ஸ் கணித்தார்.

ஆர்ன்ஹெமில் இன்னொரு சிக்கல். பாலத்தை ஒட்டிய பள்ளிக்கட்டடத்தில் நின்று போரிட்ட சாப்பர்களைப் பற்றி அவர்களில் ஒருவரான கேப்டன் எரிக் மெக்கே 1945இல் பிளாக்வுட்ஸ் இதழில் எழுதினார். ஒரு பொறியாளர் தம் குரலில் எழுதிய அரிய சாட்சியம். ஆர்ன்ஹெம் பற்றிய கொர்னீலியஸ் ரயனின் நூல் வழியாக அது உலகெங்கும் போனது. ஆனால் அதே கட்டடத்தில் 3ஆவது பட்டாலியன் வீரர்களும் மேஜர் லூயிஸின் கீழ் இருந்தார்கள். மெக்கேயின் விவரிப்பில் அவர்களுக்கு உரிய இடம் இல்லை என்ற மனக்குறை பின்னால் எழுந்தது. கிரேபர்னின் அறிக்கையில் சாப்பர்கள் விடுபட்டார்கள், இங்கே காலாட்படையினர் விடுபட்டார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இடிந்து எரியும் கட்டடத்தில் அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்பதே தெரியாத நிலை அது.

எனக்கு இவற்றில் எதைக் காட்டிலும் கனமானது நார்வே.

1942 நவம்பர் 19ஆம் தேதி மாலை, ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஸ்கிட்டன் தளத்திலிருந்து இரண்டு ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் தலா ஒரு ஹோர்சா கிளைடரை இழுத்துக்கொண்டு கிளம்பின. பிரிட்டன் கிளைடரைப் போரில் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. ஒவ்வொன்றிலும் 9ஆவது ஃபீல்டு கம்பெனியிலிருந்தும் 261ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியிலிருந்தும் தாமாக முன்வந்த வீரர்கள் 15 பேர், இரண்டு விமானிகள். இலக்கு ரியூக்கான் அருகே வெமோர்க் நீர்மின் நிலையம், அங்கே தயாரான கனநீர். ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்கு அது போய்க்கொண்டிருந்தது. சாப்பர்கள் ஸ்காட்லாந்தின் நீர்மின் நிலையங்களில் பயிற்சி செய்திருந்தார்கள். சுற்றியிருந்தவர்களிடம், அமெரிக்கப் பொறியாளர்களோடு ஒரு போட்டிக்கான பயிற்சி என்று சொல்லிவைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் சிறு குழுக்களாகப் பிரிந்து ஸ்வீடனுக்கு நடந்துவிடுவது திட்டம். ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் நார்வே நாட்டவர் நால்வர் வழிகாட்டும் கருவியோடு பனியில் காத்திருந்தார்கள்.

கிளைடர்கள் அவர்களை அடையவே இல்லை. மேகமும் உறைபனியும் சூழ, ஒன்று லீசெஃபியோர்டை ஒட்டிய ஃபில்யெஸ்டாலில் மோதியது, மற்றது ஹெல்லெலாண்டில். இரண்டாவதை இழுத்துவந்த ஹாலிஃபாக்ஸும் மலையில் மோதி ஏழு பேரும் இறந்தார்கள். ஹெல்லெலாண்டில் உயிர்தப்பிய 14 பேரை மறுநாளே ஸ்லெட்டேபோ முகாமில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் சீருடையில் இருந்தார்கள், பலருக்குக் காயம். சிறப்புப் படையினர் யாரையும் கைதியாக வைத்திருக்கக் கூடாது என்று ஹிட்லர் அதற்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 18ஆம் தேதி, உத்தரவிட்டிருந்தார். ஃபில்யெஸ்டாலில் உயிரோடு மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். படுகாயமடைந்த நால்வர் ஸ்டாவாங்கரில் கொல்லப்பட்டு, உடல்கள் கடலில் வீசப்பட்டன. மற்ற ஐவர் கிரினி முகாமில் வைக்கப்பட்டு, 1943 ஜனவரி 18ஆம் தேதி டிராண்டும் காட்டில் சுடப்பட்டார்கள். கிளைடர்களில் சென்ற 34 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

இந்த 30 சாப்பர்கள் போரில் ஆற்றிய பங்கு என்ன? ஒரு வெடிப்பொதியைக்கூட அவர்கள் வைக்கவில்லை. பிரிவின் நாட்குறிப்பில் அவர்களுடைய கடைசி நாட்கள் இருக்க வாய்ப்பில்லை, திரும்பி வந்து சொல்ல ஆள் இல்லை. அந்த நாட்கள் பதிவானது போர்க்குற்ற விசாரணைக் கோப்புகளில்: டிராண்டும் குழிகளை 1945இல் தோண்டியவர்களின் அறிக்கைகளில், பார்த்த நார்வே மக்களின் வாக்குமூலங்களில், கொன்றவர்களின் வாய்மொழியில். ஸ்டாவாங்கர் கொலைகளுக்காகச் சிலர் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். நார்வேயில் ஜெர்மன் படைகளின் தலைவராக இருந்த ஃபால்கன்ஹார்ஸ்டுக்கு 1946இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவர் 1953இல் வெளியே வந்துவிட்டார். தம் ஆட்களைப் பற்றிய விவரத்தை, அவர்களைக் கொன்றவர்களின் வாக்குமூலத்திலிருந்து ஒரு படை பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அதைப் படிக்கிறவருக்குக் கோபம் வராவிட்டால் அவர் சரியாகப் படிக்கவில்லை.

அவர்களின் தடம் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. சிதைவுகளுக்கிடையே ஜெர்மானியர்களுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது, அதில் வெமோர்க்கைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. காவல் பலப்படுத்தப்பட்டது, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. அடுத்த முயற்சிக்கு லண்டன் கிளைடரை நினைக்கவில்லை. பாராசூட்டில் இறங்கி, பனிச்சறுக்கில் செல்லும் ஆறு நார்வேக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. வழியனுப்பும்போது, பேராசிரியர் லைஃப் டிரொன்ஸ்டாட் அந்தச் சாப்பர்களுக்கு நேர்ந்ததை அவர்களிடம் மறைக்காமல் சொன்னார். பிடிபட்டால் உயிர் தப்பாது என்று அறிந்தே அவர்கள் போனார்கள். 1943 பிப்ரவரி 27ஆம் தேதி இரவு, காவல் நின்ற தொங்குபாலத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறி, ரயில் தண்டவாளம் வழியே நிலையத்துக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுக் கனநீர்க் கலன்களையும் தகர்த்துவிட்டு, ஒரு தோட்டாகூடச் சுடாமல் வெளியேறினார்கள். 9ஆவது ஃபீல்டு கம்பெனியின் வரலாற்றை எழுத முனைகிறவர் இந்த நார்வேக் கோப்புகளையும் மேசையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.